கன்றுக் கணக்கு போதாது: ஏரி வேலை, மலை வேலை இரண்டின் பலனையும் எப்படி அளப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "சேலத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தி மரம் வைத்தோம். ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் குடிநீர் ஊற்றைச் சீர்செய்து, மகளிர் குழு மூலம் நாற்றங்கால் போட்டுக் கன்று நட்டோம். மூன்று வருடம் ஆகிறது. பணம் தந்த நிறுவனம் 'இதனால் என்ன மாறியது?' என்று கேட்கிறது. எங்களிடம் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை, அள்ளிய மண்ணின் அளவு, வந்த தன்னார்வலர்களின் கணக்கு, நிறையப் போட்டோக்கள் இருக்கின்றன. இதை வைத்து அறிக்கை எழுதலாமா?"

எழுதலாம். ஆனால் அது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கான கணக்காக மட்டுமே இருக்கும். என்ன மாறியது என்பதற்கு வேறு கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு அடிப்படை ஒப்பீடு. முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, நீங்கள் கை வைக்காத பக்கத்து இடம் இதே காலத்தில் எப்படி மாறியது, இந்த மூன்றும் இருந்தால்தான் எந்த எண்ணுக்கும் பொருள் வரும். கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் நிறுவனம் ஏன் கேட்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படிதான் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணம் (சி.எஸ்.ஆர்.) வருகிறது. 2021 ஜனவரியில் அதன் விதிகள் திருத்தப்பட்டன. மூன்று வருடச் சராசரியில் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இந்த வகையில் செலவிட வேண்டிய நிறுவனங்கள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு, வெளியாரை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும். அதுவும் திட்டம் முடிந்து ஒரு வருடமாவது ஆன திட்டங்களுக்கு. உங்கள் திட்டம் 1 கோடியைத் தொடாது என்று நினைக்கிறேன். அப்படியானால் சட்டக் கட்டாயம் இல்லை, உங்கள் வசதிக்கு ஏற்ற எளிய முறையில் அளக்கலாம். ஆனால் அந்த 'ஒரு வருடம் ஆன பிறகு' என்ற நிபந்தனையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த மறுமாதம் எடுத்த எண்ணை யாரும் நம்பத் தேவையில்லை.

சரி, கன்றுகளிலிருந்து தொடங்கலாம். எத்தனை நட்டோம் என்பதற்குப் பதில் எத்தனை பிழைத்தன என்று கேட்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். ஆயிரம் கன்று நட்டீர்கள், முதல் கோடை முடிந்ததும் அறுநூறு நின்றன என்று வையுங்கள். செத்த நானூறு இடங்களில் மாற்றுக் கன்று வைத்தீர்கள். அடுத்த வருடம் எண்ணினால் எண்ணூறு. உடனே '80 சதவீதம் பிழைத்தது' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் வைத்தது ஆயிரத்து நானூறு, நிற்பது எண்ணூறு, அதாவது 57 சதவீதம்தான். மாற்றுக் கன்று வைப்பதில் தப்பே இல்லை, அதைத் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு கன்றுக்கும் எண் கட்ட முடியாவிட்டால், இருபதில் ஒரு கன்றுக்கு மட்டும் அலுமினியத் தகடு கட்டி அவற்றை மட்டும் தொடர்ந்து பாருங்கள். எந்தக் கன்றுக்குத் தகடு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பாதையோரமாகப் பார்த்துக் கட்டினால், தண்ணீர் ஊற்ற வசதியான கன்றுகளின் கணக்குதான் கிடைக்கும்.

எண்ணும் காலமும் முக்கியம். நம் ஊரில் இரண்டாவது சித்திரையைத் தாண்டிய கன்றைத்தான் பிழைத்த கன்று என்று நான் ஒப்புக்கொள்வேன். கார்த்திகையில் எண்ணினால் எல்லாமே பசேலென்று நிற்கும். செத்ததற்குக் காரணத்தையும் ஒரே வார்த்தையில் குறித்து வையுங்கள்: காய்ந்தது, ஆடு கடித்தது, காட்டெருமை மிதித்தது, தீயில் கருகியது, யாரோ பிடுங்கிவிட்டார்கள். மலையில் காட்டெருமையும் கோடைத் தீயும் எடுத்துக்கொள்ளும் கன்றுகள் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வருடம் தண்ணீர் லாரிக்குச் செலவு செய்வதா, வேலிக்கா, தீத்தடுப்புக் கோட்டுக்கா என்பதை இந்த ஒரு பத்திதான் முடிவு செய்யும்.

நடப்பட்ட மரங்களைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் யாரும் நடாமல் தானாக முளைத்த கன்றுகளை எண்ணுங்கள். கட்டை விரல் உயரத்தில் ஒரு நாவல், இரண்டு இலைவிட்ட ஒரு வேங்கை, பறவை எச்சத்தில் முளைத்த ஒரு சந்தனம், இப்படி. அடிவாரத்தில் உசிலை, வெப்பாலை, புங்கன் வரும். வருடா வருடம் அதே சதுரத்துக்குப் போய் அதே மாதத்தில் எண்ண வேண்டும். பக்கத்தில் நீங்கள் எதுவும் செய்யாத சரிவிலும் அதே எண்ணிக்கையில் சதுரங்கள் வேண்டும். இடம் தானே விதை போட்டுக் கன்று வளர்க்கத் தொடங்கிவிட்டதென்றால், அதைவிட மீட்சிக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயற்கைக்கோள் படத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். சென்டினல்-2 படங்கள் 2015-க்குப் பிறகு இலவசமாகக் கிடைக்கின்றன, பத்து மீட்டர் துல்லியத்தில், மேகம் இல்லாவிட்டால் சுமார் ஐந்து நாளுக்கு ஒன்று. படத்திலிருந்து பசுமையின் அளவைக் காட்டும் பச்சைக் குறியீடு கணக்கிட்டு, 'எங்கள் சரிவு பசுமையாகிவிட்டது' என்று வண்ணப்படம் போடலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சேர்வராயனில் அந்தப் பச்சை என்ன பச்சை? அயல் களையான உண்ணிச்செடிப் புதரும் பச்சைதான், காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக்கும் பச்சைதான், பழைய சோலையும் பச்சைதான். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அந்த மலையில் பச்சை குறைந்ததாகவே மேலிருந்து பார்த்தால் தெரியாது. எந்த மரம் போய் எந்த மரம் வந்தது என்பது தரையில் நடந்து பார்த்தால்தான் தெரியும். உண்ணிச்செடியை வெட்டி எடுத்த முதல் வருடம் படத்தில் பச்சை குறையும், நல்ல வேலை செய்த இடம் கெட்டதாகத் தோன்றும். ஆகவே படம் துணைக்கு மட்டும்.

இனி ஏரி. மண் கணக்கை நீங்கள் யூனிட்டில் வைத்திருப்பீர்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2,830 லிட்டர் இடம். பத்தாயிரம் யூனிட் எடுத்தோம் என்றால் 2.83 கோடி லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும் என்று நேரடியாகப் பெருக்கி எழுதுவதைப் பல அறிக்கைகளில் காணலாம். அது அப்படி வராது. லாரியில் ஏறிய மண் பொலபொலவென்று உப்பியிருக்கும். கிடந்த இடத்தில் அது அடைத்திருந்த அளவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவாக இருக்கலாம். அப்புறம், எங்கே தோண்டினீர்கள் என்பது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகாது. நிலத்தடிக்கு இறங்கலாம், மாடு குடிக்கலாம், மீன் வளரலாம், அதெல்லாம் பலன்தான். ஆனால் 'பாசனக் கொள்ளளவு கூடியது' என்று அதை எழுதக் கூடாது. ஏரியின் அடியில் இருக்கும் களிமண் படுகையையே வெட்டி எடுத்துவிட்டிருந்தால் தண்ணீர் முன்பைவிட வேகமாக இறங்கிவிடும். கீழே கிணறு வைத்திருப்பவருக்கு அது லாபம், மதகை நம்பியிருப்பவருக்கு நஷ்டம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 20 ஏக்கர் ஏரியில் 2.83 கோடி லிட்டர் என்பது பரப்பு முழுக்கச் சராசரியாக 35 சென்டிமீட்டர் ஆழம். நம் கோடை வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் அளவுக்கு ஆவியாகும். அந்த 35 சென்டிமீட்டரும் இரண்டு மாத வெயிலுக்குக் காணாது. அதனால் கொள்ளளவைச் சொல்வதைவிட, தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று சொல்வது மேல். மதகுத் தூணில் அடிக்கோடு போட்டுப் பெயின்ட் அடியுங்கள். வாரம் ஒரு முறை, குறித்த கிழமையில், ஒருவர் பார்த்து நோட்டில் எழுதட்டும். உபரிநீர் வெளியேறும் கலங்கு வழிந்த நாள், கடைசியாகத் தண்ணீர் வற்றிய நாள், இந்த இரண்டு தேதிகளும் பத்து வருடம் சேர்ந்தால் அது பெரிய சொத்து. பக்கத்தில் தூர்வாராத ஓர் ஏரியிலும் இதேபோல் ஒரு கோடு வேண்டும்.

நகரத்துக்குள்ளோ விளிம்பிலோ உள்ள ஏரி என்றால் கூடுதல் எச்சரிக்கை. சித்திரை வெயிலிலும் ஏரி நிறைந்து நிற்கிறது என்றால் மகிழ்வதற்கு முன் வரத்து வாய்க்காலில் நடந்து போய்ப் பாருங்கள். மழை இல்லாத மாதத்தில் வரும் தண்ணீர் பெரும்பாலும் வீடுகளின் கழிவுநீர். நீர்த் தரத்துக்கு ஆய்வகத்தில் நூறு சோதனை செய்யத் தேவையில்லை. கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), மலக்குடல் நுண்ணுயிர் ஆகிய மூன்று போதும். குளிக்கத் தகுந்த நீருக்கு முதலாவது லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு அளவுகோல். இதில் ஆக்சிஜனை அளக்கும் நேரத்தைக் கவனியுங்கள். பாசி பிடித்துப் பச்சையான ஏரியில் நண்பகலில் அளந்தால் ஆக்சிஜன் அமோகமாக இருக்கும், பாசிதான் வெயிலில் அதை உண்டாக்குகிறது. அதே ஏரியில் இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடியற்காலையில் மீன் வாய் திறந்து மேலே வரும். எனவே சூரியன் எழும் நேரத்தில் அளந்து பாருங்கள். பத்து மணிக்கு வந்து மாதிரி எடுத்துப்போகும் ஆட்களிடம் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள்.

நம் ஊரில் ஏரி மீட்பு என்றால் எல்லோரும் காட்டுவது கன்னங்குறிச்சி மூக்கனேரியை. 2010-இல் சேலம் மக்கள் குழு முன்னின்று, அள்ளிய வண்டலை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால் திட்டுகளில் பறவைகள் அடையும். ஏரிக்குள் திட்டு போட்டால் அந்த இடத்துக்குத் தண்ணீர் கொள்ளளவு குறையும், பறவைக்கு இடம் கூடும். இரண்டில் எது உங்கள் நோக்கம்? நோக்கத்தை முதலில் எழுதி வைத்திருந்தால் அதற்கு ஏற்ற அளவுகோலை எடுப்பீர்கள். எழுதி வைக்காவிட்டால் கடைசியில் எந்த எண் நன்றாக வந்ததோ அதையே நோக்கம் என்று சொல்லும் ஆசை வரும். மூக்கனேரி ஒரு நகர ஏரி, ஆயக்கட்டைவிட, அதாவது பாசன வயல்களைவிட, நகரத்து மக்களும் பறவைகளும் அங்கே முக்கியம் என்று முடிவெடுத்தது எனக்கு நியாயமாகவே படுகிறது. உங்கள் ஏரிக்குக் கீழே இன்னும் வயல் இருக்கிறது என்றால் அதே முடிவு பொருந்தாது.

பறவைக் கணக்கு பற்றி இரண்டு வரி. ஒரே இடங்களில், காலை ஒரே நேரத்தில், இடத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று கணக்கு வைத்துப் பாருங்கள், ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். 2015 முதல் ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் சேர்ந்துகொண்டால் மற்ற ஏரிகளோடு ஒப்பிடும் வாய்ப்பு தானாகக் கிடைக்கும். இன எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. பார்க்கப் போனவர்கள் கூடினாலே இனப்பட்டியல் நீண்டுவிடும். ஆகாயத்தாமரை மூடிய சாக்கடை ஏரியிலும் நீலத்தாழைக்கோழி கூட்டமாகத் திரியும்.

இப்போது கிணறு. உங்கள் கேள்வியிலேயே மிகக் கடினமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. கிணறுகள் தரை தட்டின, தென்னைகள் கருகின. அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 2017-இல் ஏரி வேலை தொடங்கிய குழுக்கள் நம் பக்கம் நிறைய. அப்படி ஒரு குழு 2017 மே மாதக் கிணற்று மட்டத்தை 'முன்பு' என்றும், நல்ல மழை பெய்த பிந்தைய வருடத்து மட்டத்தைப் 'பின்பு' என்றும் வைத்தால், அவர்கள் ஒரு கூடை மண்கூட அள்ளாமல் இருந்திருந்தாலும் மட்டம் உயர்ந்திருக்கும். மிக மோசமான வருடத்துக்குப் பின் வரும் வருடம் பெரும்பாலும் அதைவிட நன்றாகத்தான் இருக்கும். துயரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வேலையைத் தொடங்குகிறோம், ஆகவே எல்லா நீர்த் திட்டங்களும் தொடக்கத்தில் வெற்றி போலவே தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. 2021-இல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது, அந்த வருட முடிவில் தொடங்கிய நல்ல வேலை அடுத்த இரண்டு வருடம் தோல்வி போலத் தெரியலாம்.

இதிலிருந்து தப்பிக்க வழி பக்கத்துக் கிணறுகள். உங்கள் ஏரிக்குக் கீழே எட்டுப் பத்துத் திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். அதேபோல் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, அதே மலையடிவாரத்தில், தூர்வாராத ஏரிக்குக் கீழே எட்டுப் பத்துக் கிணறுகள். கிணற்றுச் சுவரில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள், எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் கயிறு இறங்க வேண்டும். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நாளில். ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நான்கு தடவை போதும், மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஏறக்குறைய இந்த மாதங்களில்தான் அளக்கிறது, அவர்கள் எண்ணோடு பொருத்திப் பார்க்க வசதி. உங்கள் பக்கம் ஒன்பது அடி ஏறியது, அந்தப் பக்கம் ஆறு அடி ஏறியது என்றால், ஆறு அடி மழையுடையது. மூன்று அடியை உங்கள் வேலைக்கு உரியதாகப் பேசலாம். பேசலாம் என்றுதான் சொல்கிறேன். நம் மாவட்டம் கெட்டிப் பாறைப் பூமி, மலையில் சார்னோகைட், கீழே பெரும்பாலும் நைஸ் என்ற பாறை வகைகள். தண்ணீர் நிற்பது மேலாக இற்றுப்போன அடுக்கிலும் பாறை வெடிப்பிலும். நூறு அடி தள்ளி இருக்கும் இரண்டு கிணறுகள் சம்பந்தமே இல்லாமல் நடந்துகொள்ளும். அதனால்தான் ஒரு கிணற்றைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது, எட்டுப் பத்து வேண்டும். ஆழ்துளை போர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை காட்டுவது வேறு ஆழத்துத் தண்ணீர்.

மழையையும் நீங்களே அளப்பது நல்லது. ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் பெய்தால், கீழே சேலத்தில் ஆயிரத்தை ஒட்டித்தான் பெய்கிறது. நடுவில் இருக்கும் அடிவாரத்துக்கு இரண்டு எண்ணும் பொருந்தாது. பள்ளிக்கூடத்துத் திறந்த வெளியில் ஒரு மழைமானி வைத்து, காலை 8.30-க்குப் படிக்கச் சொல்லுங்கள், வானிலைத் துறையின் நேரமும் அதுவே.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கிணற்று மட்டம் ஏறவே இல்லை என்று வையுங்கள். திட்டம் தோற்றதா? போய் விசாரித்தால், தண்ணீர் வந்த தைரியத்தில் மரவள்ளி போட்டவர் நெல்லுக்கு மாறியிருப்பார், இன்னொருவர் பாக்கு வைத்திருப்பார், மூன்றாமவர் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை ஏழரை ஆக்கியிருப்பார். ஏறிய தண்ணீரை எல்லோருமாக இறைத்துவிட்டார்கள். ஆகவே மட்டத்தோடு சேர்த்து, எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் கேட்டு எழுத வேண்டும். அப்படி எழுதினால், பலன் இருந்தது, அது யார் கைக்குப் போனது என்பதும் தெரியும். பெரும்பாலும் ஆழக் கிணறும் பெரிய மோட்டாரும் உள்ளவர் கைக்குத்தான் போயிருக்கும். இந்த உண்மையை அறிக்கையில் எழுதத் தயங்காதீர்கள். அடுத்த கட்ட வேலையே அதில்தான் இருக்கிறது.

மலைக்கிராமத்து ஊற்றுக்கு வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். 20 லிட்டர் கேன் நிறைய எத்தனை விநாடி? மாசி முதல் ஆனி வரை வாரம் ஒரு முறை. கோடையின் நடுவில் 20 லிட்டர் நிறைய நான்கு நிமிடம் எடுத்தது, இரண்டு வருடம் கழித்து இரண்டரை நிமிடத்தில் நிறைகிறது என்றால் அது யாருக்கும் விளங்கும் எண். இங்கேயும் கை வைக்காத ஓர் ஊற்று ஒப்பீட்டுக்கு வேண்டும், மழைக்கணக்கும் வேண்டும். மகளிர் குழுவில் தண்ணீர் எடுக்கப் போகிறவரே அளக்கட்டும், எப்படியும் அங்கே நிற்கப் போகிறவர் அவர்தான். அளப்பதற்குக் கூலி கொடுங்கள். சும்மா செய்யச் சொல்லிவிட்டு ஆறாம் மாதம் நோட்டு காலியாக இருக்கிறதே என்று வருத்தப்படக் கூடாது.

மக்களிடம் மாற்றத்தைக் கேட்பது இதைவிட நுட்பமான காரியம். 'திட்டத்தால் பயன் கிடைத்ததா?' என்று கேட்டால், மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களானாலும் அடிவாரத்துக் குடியானவரானாலும், "நல்லா இருக்குதுங்க சார்" என்றுதான் சொல்வார்கள். வீடு தேடி வந்தவரின் மனம் கோணக் கூடாது என்ற மரியாதை அது, தகவல் ஆகாது. நேற்றைப் பற்றிக் கேளுங்கள். நேற்று எத்தனை குடம் எடுத்தீர்கள், யார் போனது, எத்தனை மணிக்குக் கிளம்பித் திரும்பினீர்கள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியது போவதற்கு முன்பா பின்பா? மே மாதத்தில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை, அதே வீடுகளில். கேட்பவர் திட்டத்தில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது, பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும். வேலை நடக்காத பக்கத்து ஊரில் சில வீடுகளிலும் கேளுங்கள்.

இழந்தவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள். கரையில் மரம் வைத்து வேலி போட்டதும் அங்கே ஆடு மேய்த்தவர் எங்கே போனார்? மீன் குத்தகை யாரிடமிருந்து யாருக்கு மாறியது? வண்டல் மண்ணை வயலுக்கு எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் வழி இருந்ததா, டிராக்டர் வைத்திருந்தவருக்கு மட்டுமா? மலையில் நீங்கள் அடைத்த சரிவில் விளக்குமாற்றுப் புல்லோ நெல்லிக்காயோ கடுக்காயோ எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் உண்டா? ஒரு திட்டம் பத்துப் பேருக்கு நல்லது செய்து ஒருவரின் பிழைப்பைக் கெடுத்திருந்தால், அந்த ஒருவரைக் கணக்கில் விடுவது அநியாயம். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுவரை எனக்குப் பார்க்கக் கிடைத்த அறிக்கைகளில் அதிகம் விடுபடும் பக்கம் இதுதான்.

பயிற்சிக்கு வந்தவர்கள் எண்ணிக்கையால் எதுவும் தெரியாது. அதற்குப் பதில் ஒரே கேள்வி: திட்டப் பணம் நின்ற பிறகு வந்த முதல் ஆடி ஆவணியில், வரத்து வாய்க்காலில் செடி வெட்டி வழிவிட்டது யார்? ஊரார் தாங்களே கூடிச் செய்தார்கள் என்றால் சமூகப் பங்கேற்பு என்று தைரியமாக எழுதுங்கள். நீங்கள் ஆள் அனுப்பிச் செய்தீர்கள் என்றால் அதை எழுதக் கூடாது.

உங்களிடம் 'முன்பு' இல்லையே என்பது இப்போதைய சிக்கல். முழுவதும் இல்லாமல் போகவில்லை. செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரித்த உலக நீர்ப்பரப்பு வரைபடத்தில் (Global Surface Water) 1984 முதல் எந்த மாதம் எங்கே தண்ணீர் தெரிந்தது என்பது இருக்கிறது. துல்லியம் 30 மீட்டர்தான், ஆனாலும் 20 ஏக்கர் ஏரிக்குத் தாராளம். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம். அரசின் கண்காணிப்புக் கிணறுகள் பக்கத்தில் இருந்தால் அவற்றின் பழைய அளவுகளைக் கேட்டு வாங்கலாம். உங்கள் போட்டோக் குவியலும் உதவும்: தேதியோடு கூடிய பழைய படம் எங்கே நின்று எடுத்ததோ அதே இடத்தில் நின்று அதே மாதத்தில் மறுபடி எடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் 'பத்து வருடத்துக்கு முன் எப்படி?' என்று மொட்டையாகக் கேட்காமல், ஒரு கல்யாணம், ஒரு தேர்தல், மேட்டூர் நிரம்பிய ஒரு வருடம் என்று ஒரு முளையடித்துக் கேட்டால் நினைவு தெளிவாக வரும். ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்த்ததை 'பின்னோக்கித் திரட்டியது' என்று அறிக்கையில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

கார்பன் கணக்கை இப்போது தொடாதீர்கள். முழங்கால் உயரக் கன்றுகளை எண்ணி, ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ என்று பெருக்கிப் போடும் எண் வளர்ந்த மரத்தைப் பற்றியது. மார்பு உயரத்தில் சுற்றளவு எடுக்கும் அளவுக்கு மரம் வளரட்டும், அப்போது பார்க்கலாம்.

அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு முன் ஊரில் படித்துக் காட்டுங்கள். கிராம சபை கூடும் நாட்கள் இருக்கவே இருக்கின்றன, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிணற்று மட்டத்தையும் ஊற்று விநாடியையும் ஒரு சார்ட்டில் பெரிதாக எழுதி மாட்டிவிட்டால் பேச்சு தானாக வரும். "அந்தக் கெணத்துல போன மாசம்தானே ஆழம் வெட்டுனாங்க, அதையும் சேர்த்து எழுதிக்கிட்டீங்களா?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். அந்தத் திருத்தம் எந்த ஆலோசகரும் தர முடியாதது. நோட்டின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும், உங்கள் குழு நாளை இல்லாமல் போனாலும் அளவுகள் ஊரிடம் இருக்கும்.

நிறுவனத்துக்கு எழுதும்போது, தெரிந்ததை உறுதியாகவும் மீதியை அளவோடும் எழுதுங்கள். 'எங்களால் நிலத்தடி நீர் உயர்ந்தது' என்பதற்குப் பதிலாக, 'ஒப்பீட்டுக் கிணறுகளைவிட எங்கள் பக்கக் கிணறுகள் இத்தனை அடி கூடுதலாக ஏறின, இதே காலத்தில் நான்கு விவசாயிகள் சொட்டுநீருக்கு மாறியதும் இதில் சேர்ந்திருக்கலாம்' என்று எழுதுங்கள். செத்த கன்றுகளையும் காரணத்தோடு போடுங்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் நிறுவனம் அடுத்த வருடம் வேறு காரணம் சொல்லி எப்படியும் விலகிவிடும். புரிந்துகொள்ளும் நிறுவனத்திடம், அடுத்த கட்டச் செலவில் பத்தில் ஒரு பங்கை அளப்பதற்கு என்றே ஒதுக்கும்படி கேளுங்கள். அதற்குக் குறைவாக ஒதுக்கினால் இரண்டாம் வருடமே நோட்டு நின்றுவிடும்.

இந்த வருட அறிக்கைக்கு நேரம் இல்லை என்றால், பிழைத்த கன்றுகளின் சரியான கணக்கு, பழைய நீர்ப்பரப்புப் படங்கள், இருபது வீட்டு விசாரிப்பு, இந்த மூன்றோடு அனுப்புங்கள். கூடவே அடுத்த மூன்று வருடம் எதை எங்கே அளக்கப் போகிறீர்கள் என்ற ஒரு பக்கத் திட்டமும் இருக்கட்டும். ஒப்பீட்டுக் கிணறுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு பக்கக் கிணறுகளின் ஆழமும் பயிரும் எழுதிய பட்டியலை இங்கே போடுங்கள், பொருந்துகின்றனவா என்று சேர்ந்து பார்க்கலாம்.